சுத்தும்போது பாரு!

எங்க ஊர்ப் பக்கம் ஒரு டிராக்டர் நல்லா இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க, அதை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ராத்திரி எங்கே நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு பார்த்தாலே போதும். வீட்டு வாசல்ல நின்னா, நல்ல வண்டி. வாய்க்கால் கரை மேட்டுல, மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி, டயருக்கு ஒரு கருங்கல் அண்டக் கொடுத்து நின்னா... செல்ஃப் எடுக்காத வண்டி! காலையில கல்லை உருவிட்டு, இறக்கத்துல உருளவிட்டு, கியர் போட்டு கிளட்ச்சை விட்டாதான் அதுக்கு உயிர் வரும்.

எங்க வண்டி மூணு வருஷமா மேட்டுலதான் தூங்குச்சு.

மன்னார்குடிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். அப்பாவுக்கு மூணு ஏக்கர் நிலமும், செகண்ட் ஹேண்டுல வாங்கின ஒரு டிராக்டரும் சொத்து. 35 ஹெச்.பி., மூணு சிலிண்டர், வயசு என்னைவிட ஜாஸ்தி. எங்க வயல் போக, ஊர்ல மத்தவங்களுக்கும் அப்பா கூலி உழவு ஓட்டுவார். குறுவைக்கும் சம்பாவுக்கும் சேத்துழவு ஓட்டி வர்ற காசுதான் என்னோட செமஸ்டர் ஃபீஸ். நான் படிக்கிறது எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங். அதாவது, என்னைப் படிக்க வைக்கிறதே அந்தப் பழைய இன்ஜின்தான்!

மேட்டுல நிறுத்தி ஸ்டார்ட் பண்றது கேட்க தமாஷா இருக்கும். வயலுக்குள்ள ஏது மேடு? நடு வயல்ல இன்ஜின் ஆஃப் ஆயிட்டா, சேத்துல நாலு பேர் தள்ளினாலும் நகராது. இன்னொரு டிராக்டரைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி இழுக்கணும். அதுக்குப் பயந்து சாப்பாட்டு நேரத்துலகூட அப்பா இன்ஜினை நிறுத்த மாட்டார். அது பாட்டுக்கு மரத்தடியில நின்னு டீசலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். போன வருஷம் ஒரு விடியக்காலையில, கல்லை உருவினதும் வண்டி அவர் ஏறி உட்கார்றதுக்குள்ள உருண்டு, வாய்க்கால் விளிம்புல போய் நின்னுச்சு. அப்பா அதை அம்மாகிட்ட சொல்லவே இல்லை. நான் சொன்னேன். அன்னிக்கு வீட்ல நடந்ததை இங்கே எழுத முடியாது!

இதுக்கு வைத்தியம் பார்க்காம இல்லை. முதல்ல பார்த்தவர் ''பேட்டரி வீக்''னு சொன்னார். 7,500 ரூபாய்க்குப் புது பேட்டரி வந்துச்சு. ஒரு வாரம் பரவாயில்லை. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. அடுத்தவர், ''செல்ஃப் மோட்டார்ல பிரஷ், புஷ் எல்லாம் போச்சு''ன்னார். கழட்டி, மாத்தி, மாட்டினதுல 2,800 ரூபாய் காலி. அப்பவும் அதே 'கர்ர்ர்... கர்ர்ர்... ர்ர்'. மூணாவதா வந்தவர் ஒரே போடா போட்டார்: ''இன்ஜின் போச்சுங்க. போர் அடிச்சு, பிஸ்டன் செட் மாத்தணும். 45 ஆயிரம் ஆகும். அதுக்கு இதை வித்துடலாம்.'' விக்கிறதுக்கு ஆளையும் அவரே கூட்டிட்டு வந்தார். ''ஓடாத வண்டி''ன்னு அந்தத் தரகர் சொன்ன விலையைக் கேட்டு அப்பா ஒண்ணும் பேசலை. யோசிச்சு சொல்றேன்னு மட்டும் சொன்னார்.

2025 ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தாங்க. காவிரித் தண்ணி எங்க வாய்க்காலுக்கு வந்து சேர எப்படியும் சில நாள் ஆகும். தண்ணி வந்துட்டா ஊரே ஒரே நேரத்துல உழவு கேட்கும். அந்த நேரத்துல வண்டி இல்லைன்னா அந்தப் போகமே போச்சு. செமஸ்டர் லீவுல நான் வீட்டுக்கு வந்து இறங்கினப்ப, அப்பா தரகர் நம்பரைத் தேடிட்டு இருந்தார். என் பையில துணிமணியோட 300 ரூபாய் மல்டிமீட்டர் ஒண்ணு இருந்துச்சு.

எதை அளக்கிறதுக்கு முன்னாலும் ஒரு கேள்வி. மெதுவா சுத்தினா என்ன குடி முழுகிப் போகும்? எப்படியோ சுத்துதுல்ல, ஸ்டார்ட் ஆக வேண்டியதுதானே?

ஆகாது பாஸ். பைக்ல இருக்கிற மாதிரி டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காத்தை அழுத்துற அழுத்துல வர்ற சூடுதான் நெருப்பு. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்ப்போட அடிப்பாகம் சுடுமே, அதே சங்கதி. 17 பங்கு இடத்துல இருந்த காத்தை 1 பங்குக்குள்ள அமுக்கினா, தெர்மோடைனமிக்ஸ் ஃபார்முலா கணக்குப்படி 600 டிகிரிக்கு மேல சூடு வரணும். டீசல் தானா பத்திக்க 200 டிகிரிக்கு மேல இருந்தா போதும். ஆனா, கண்ணிமைக்கிற நேரத்துல பத்திக்கணும்னா அதைவிட நல்லா ஜாஸ்தியாவே வேணும். மெதுவா அமுக்கினா என்ன ஆகும்? காத்து ரிங் சந்துல கசிய நேரம் கிடைக்கும். சூட்டை சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கவும் நேரம் கிடைக்கும். ரெண்டும் சேர்ந்து காலை வாரிடும். வெள்ளைப் புகை வரும், இன்ஜின் வராது. நிமிஷத்துக்கு நூறு சுத்துக்குக் கீழே போயிட்டா வயசான டீசல் இன்ஜினுக்கு ரொம்பக் கஷ்டம்.

சரி, எங்க வண்டி எத்தனை சுத்து சுத்துது? அதுக்கு மீட்டர் இல்லை. காது இருக்கே! ஸ்டாப் கேபிளை இழுத்து டீசலை நிறுத்திட்டு, நியூட்ரல்ல வெச்சு, பின் டயர் ரெண்டுக்கும் கல்லு கொடுத்துட்டு, அப்பாவை 5 செகண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். சத்தத்தை செல்போன்ல ரெக்கார்டு பண்ணினேன். ஒவ்வொரு 'கர்'ரும் ஒரு பிஸ்டன் காத்தை அமுக்குற சத்தம். மூணு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். ஸோ, ரெண்டு சுத்துக்கு மூணு 'கர்'. போட்டுக் கேட்டு எண்ணினா 5 செகண்டுல 10. கணக்கு போட்டுப் பாருங்க... நிமிஷத்துக்கு 80 சுத்து!

அடுத்த தெருவுல ஒரு மெக்கானிக் மாமா இருக்கார். கண் பார்வை குறைஞ்சதால கடையை மூடிட்டு வீட்டோட இருக்கிறவர். அவரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் முதல்ல செஞ்ச காரியம், கிராங்க் புல்லி நட்டுல நீளமா ஒரு ஸ்பேனரைப் போட்டுக் கையாலயே இன்ஜினைச் சுத்தினது. அமுக்கம் வர்ற இடத்துல கனத்துச்சு, தாண்டினதும் லேசாச்சு. அவர் சிரிச்சார்.

''ஏம்ப்பா, போர் தேஞ்ச இன்ஜின் செல்ஃபுக்கு லேசால்ல சுத்தும்? அமுக்கத்துக்கு எதிர்ப்பு இருக்காதே! 'வேகமா சுத்துது, ஆனா பத்த மாட்டேங்குது'ன்னா போர் மேல சந்தேகப்படலாம். இது சுத்தவே மாட்டேங்குது. நோய் வேற எங்கயோ இருக்கு!''

45 ஆயிரம் ரூபாய் செலவை அந்த ஒரு வார்த்தை தள்ளி வெச்சது.

இப்போ மீட்டர் வேலை. பேட்டரி ரெண்டு முனையிலும் வெச்சுப் பார்த்தா 12.6 வோல்ட். ஃபுல் சார்ஜ். இதுக்கு முன்னால வந்தவங்களும் இதைத்தான் பார்த்திருக்காங்க. ஒருத்தர் டெஸ்ட் லாம்ப் போட்டு, ''பாருங்க, செல்ஃப் வரைக்கும் கரன்ட் ஜம்முனு வருது''ன்னு காட்டியிருக்கார். கேபிள்ல கோளாறு இல்லைன்னு முடிவு பண்ணி மோட்டாரைக் கழட்டினது அதனாலதான்.

அந்த டெஸ்ட் லாம்ப் பொய் சொல்லலை. ஆனா, அது இழுக்கிறது அரை ஆம்பியர்கூட இல்லை. செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுத்தும்போது இழுக்கிறதோ 250 ஆம்பியர் அளவுக்கு. எங்கயோ ஒரு இணைப்புல நூத்துல ஒரு பங்கு ஓம், அதாவது 0.01 ஓம் தடை இருக்குன்னு வெச்சுக்கோங்க. அரை ஆம்பியர் போனா தொலையுறது 0.005 வோல்ட். லாம்ப் கண்ணு கூசுற மாதிரி எரியும். 250 ஆம்பியர் போனா? 2.5 வோல்ட் காணாமப் போயிடும்! மல்டிமீட்டரை ஓம்ல வெச்சு அளந்தாலும் இந்த 0.01 சிக்காது. மீட்டரோட ரெண்டு ஒயரையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டாலே 0.2, 0.3னு காட்டுற மீட்டர் அது. வண்டி சும்மா நிக்கும்போது எல்லா இணைப்பும் நல்ல பிள்ளைதான். சுமை ஏறும்போதுதான் யார் எப்படின்னு தெரியும்.

அதனால, செல்ஃப் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே அளக்கணும். துப்பட்டாவை அவிழ்த்து வெச்சுட்டு, ஃபேன் பெல்ட் பக்கம் போகாம நின்னுக்கிட்டேன். ''அடிங்கப்பா!''

பேட்டரி முனைகள்ல 10.9 வோல்ட். ஓ.கே. பேட்டரி தாங்குது. செல்ஃப் மோட்டார்கிட்ட, பெரிய கேபிள் வர்ற போல்ட்டுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவுல பார்த்தா... 7.4 வோல்ட்!

10.9 கிளம்பி 7.4 வந்து சேருது. வழியில 3.5 வோல்ட்டை யாரோ சாப்பிடுறாங்க. நோய் இருக்கிற இடம் பேட்டரியும் இல்லை, மோட்டாரும் இல்லை, ரெண்டுக்கும் நடுவுலதான்னு தெரிஞ்சுபோச்சு. இனி திருடன் போலீஸ் ஆட்டம். பாசிட்டிவ் பக்கத்துல மீட்டரோட ஒரு ஊசியை பேட்டரி பிளஸ்லயும், இன்னொண்ணை செல்ஃப் போல்ட்டுலயும் வெச்சேன். ''அடிங்கப்பா!'' 0.4 வோல்ட். அவன் நல்லவன். நெகட்டிவ் பக்கத்துல பேட்டரி மைனஸ்ல ஒண்ணு, மோட்டார் பாடியில ஒண்ணு. ''அடிங்கப்பா!''

3.1 வோல்ட்.

0.4 கூட்டல் 7.4 கூட்டல் 3.1. மொத்தம் 10.9. ஃபர்ஸ்ட் இயர்ல எல்லாரும் மனப்பாடம் பண்ணி எழுதின கிர்ச்சாஃப் வோல்ட்டேஜ் விதி, 1845-ல அந்த மனுஷன் சொன்னது, எங்க வீட்டு வாசல்ல கிரீஸ் படிஞ்ச நோட்டுல அப்படியே கூட்டி வந்துச்சு. லேப்ல எத்தனையோ தடவை இதைச் சரிபார்த்து ரெக்கார்டுல எழுதி கையெழுத்து வாங்கியிருக்கேன். ஒரு தடவைகூட உடம்பு சிலிர்த்தது இல்லை!

எர்த் பக்கம்னா பேட்டரி கிளாம்ப், கேபிள், அந்தக் கேபிள் முனையில இருக்கிற லக், அது போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற சேசிஸ், அங்கேர்ந்து இன்ஜின், இன்ஜின்லேர்ந்து மோட்டார் பாடி. ஒவ்வொண்ணையும் அளக்கலாம்னு நான் ஊசியை எடுத்தா, மெக்கானிக் மாமா தடுத்துட்டார். ''இரு பாப்பா. மீட்டரை வை. தொட்டுப் பாரு.''

அவரே குனிஞ்சு, புறங்கையால ஒவ்வொரு இணைப்பா தடவிக்கிட்டே போனார். பேட்டரி கிளாம்ப்... தாண்டினார். கேபிள்... தாண்டினார். பேட்டரித் தட்டுக்குக் கீழே, சேறு அப்பியிருந்த ஒரு போல்ட்டுகிட்ட வந்ததும் கையை வெடுக்குனு எடுத்தார். ''இங்க பாரு, தோசைக்கல்லு மாதிரி!''

மீட்டரை அந்த லக்குக்கும் சேசிஸுக்கும் நடுவுல வெச்சேன். 2.6 வோல்ட். 250 ஆம்பியரோட பெருக்கினா 650 வாட். கிட்டத்தட்ட ஒரு அயர்ன் பாக்ஸே அந்த போல்ட்டுக்கு அடியில உட்கார்ந்திருக்கு! மோட்டாருக்குப் போக வேண்டிய சக்தி அங்கே சூடாப் போயிட்டு இருந்திருக்கு. அவர் புறங்கைக்கும் என் மீட்டருக்கும் தெரிஞ்சது ஒரே விஷயம்தான். அவர் அதை வாட்னு சொல்றதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேட்டரியில முதல்ல மைனஸ் கேபிளைக் கழட்டினோம் (எப்பவும் அதுதான் முதல்ல. ஸ்பேனர் தவறிப் பாடியில பட்டாலும் பொறி பறக்காது). அப்புறம் அந்த போல்ட். லக்குக்கு அடியில சேசிஸ்ல பளபளன்னு பெயின்ட்! சில வருஷத்துக்கு முன்னால வண்டிக்குப் புதுசா பெயின்ட் அடிச்சப்போ, எர்த் உட்கார்ற இடத்துக்கும் சேர்த்து அடிச்சு, அது மேலயே லக்கை முறுக்கியிருக்காங்க. போல்ட் மரை வழியா மட்டும்தான் கரன்ட் போய்க்கிட்டு இருந்திருக்கு. மரையில துரு ஏற ஏற வழி குறுகிப்போச்சு. சேத்து வயல்ல ஓடுற வண்டிக்குத் துரு ஏற எத்தனை நாள் ஆகும்?

உப்புத்தாளால தேய்ச்சு, இரும்பு வெள்ளையா தெரியுற வரைக்கும் பெயின்ட்டைச் சுரண்டினோம். லக்கையும் தேய்ச்சோம். புது போல்ட், பல்லு வெச்ச வாஷர், நல்லா ஒரு முறுக்கு. மேல ஈரம் படாம இருக்க கிரீஸ். மொத்த செலவு 40 ரூபாய், டீ காசு தனி.

திரும்ப ஸ்டாப் கேபிளை இழுத்துட்டு 5 செகண்டு அடிச்சோம். செல்போன்ல எண்ணினா 20 'கர்'! நிமிஷத்துக்கு 160 சுத்து. சரியா டபுள்! எர்த் பக்கம் இழப்பு 3.1-லேர்ந்து 0.3. மோட்டாருக்கு 7.4-க்குப் பதிலா 9.9 வோல்ட். பேட்டரி மட்டும் 10.9-லேர்ந்து 10.7-க்கு இறங்கியிருந்துச்சு. அப்பா அதைப் பார்த்துட்டு, ''என்னம்மா, பேட்டரி இன்னும் மோசமாயிருச்சா?''ன்னார். இல்லைப்பா, இப்போதான் மோட்டார் வேண்டிய கரன்ட்டை இழுக்குது. பேட்டரிக்கு இப்போதான் உண்மையான வேலை!

அப்புறம் ஸ்டாப் கேபிளை உள்ளே தள்ளிட்டு சாவியைத் திருப்பினார். ரெண்டாவது செகண்டு இன்ஜின் பிடிச்சுது. அப்பா இறங்கலை. ஆஃப் பண்ணினார். திரும்ப ஸ்டார்ட் பண்ணினார். ஆஃப் பண்ணினார். திரும்ப ஸ்டார்ட். சின்னப் பையன் சுவிட்ச் போட்டு விளையாடுற மாதிரி ஆறு தடவை. ''போதும்ப்பா, மோட்டார் சூடாகும்''னு நான்தான் கத்தினேன்.

அதுவும் சும்மா சொல்லலை. 1911-ல சார்லஸ் கெட்டரிங்ங்கிற அமெரிக்க இன்ஜினீயர் காருக்கு எலெக்ட்ரிக் செல்ஃபைக் கொண்டுவந்தப்போ இருந்த சூட்சுமமே, அது சில செகண்டு மட்டும் ஓடினா போதும்ங்கிறதுதான். நாள் பூரா ஓடுற மோட்டார்னா ரொம்பப் பெருசா இருக்கணும். கொஞ்ச நேரம் மட்டும்னா சின்ன மோட்டாரே தன் சக்திக்கு மீறி உழைச்சுட்டு ஓய்வெடுத்துக்கும். அதனால 10 செகண்டுக்கு மேல ஒரே மூச்சுல அடிக்காதீங்க. நடுவுல ஒரு நிமிஷமாவது ஆற விடுங்க. மெதுவா சுத்துற வண்டியில நாம செய்யறது இதுக்கு நேர் எதிர். எடுக்கலை எடுக்கலைன்னு போட்டு அடிச்சு, நல்லா இருக்கிற மோட்டாரையும் கொன்னுடுறோம். இன்னொண்ணு... சாவியை விட்டுட்டு, கீழே நின்னு செல்ஃப் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ற பழக்கம் பல ஊர்ல உண்டு. வண்டி கியர்ல இருந்துச்சுன்னா, ஸ்டார்ட் ஆன அடுத்த நொடி பின் சக்கரம் உங்க மேலதான் ஏறும். தயவு செஞ்சு வேண்டாம்.

உங்க வீட்லயும் ஒரு கிழட்டு டீசல் இப்படி முக்கிக்கிட்டு இருந்தா, காசு செலவு பண்றதுக்கு முன்னால இந்த வரிசையில பாருங்க. நியூட்ரல், பிரேக், டயருக்குக் கல்லு. டீசலை நிறுத்திட்டு செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில வோல்ட் எவ்வளவு? 9.6-க்குக் கீழே போனா பேட்டரியை சார்ஜ் பண்ணி திரும்பப் பாருங்க. பேட்டரி தாங்கினா, பிளஸ் பக்கம் எவ்வளவு தொலையுது, எர்த் பக்கம் எவ்வளவு தொலையுதுன்னு தனித்தனியா அளங்க. ஏதாவது ஒரு பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல போனா அங்கேதான் வில்லன். ரெண்டும் சரியா இருந்து, மோட்டாருக்குப் போதுமான வோல்ட் போய்ச் சேர்ந்தும் சுத்தலைன்னா, அப்போ மோட்டாரைக் கழட்டுங்க. இன்ஜினைக் கையால சுத்திப் பார்த்து, கல்லு மாதிரி இறுகி இருந்தா இன்ஜினைச் சந்தேகப்படுங்க. கடைசியில கேட்க வேண்டிய கேள்வியை முதல்ல கேட்டதுலதான் எங்க வீட்ல 10 ஆயிரத்து 300 ரூபாய் போச்சு.

ஒரு போல்ட்டைச் சுரண்டினதால எங்க டிராக்டர் புதுசாயிடலை. இப்பவும் புகை விடுது, ஆயில் குடிக்குது. இன்னும் சில வருஷத்துல அதுக்கு ஓய்வு கொடுத்துதான் ஆகணும்னு அப்பாவுக்கும் தெரியும். ஆனா, அந்தக் குறுவைக்கு அது ஊர் உழவை ஓட்டி முடிச்சுது. சாப்பாட்டு நேரத்துல இன்ஜினை நிறுத்திட்டு, அமைதியா மரத்தடியில உட்கார்ந்து அப்பா சாப்பிட்டார். தரகருக்கு போன் பண்ணவே இல்லை. அடுத்த செமஸ்டர் ஃபீஸை நேரத்துக்குக் கட்டினேன்.

மல்டிமீட்டர் இப்போ என்கிட்ட இல்லை. லீவு முடிஞ்சு கிளம்பும்போது மெக்கானிக் மாமாகிட்ட கொடுத்துட்டு வந்துட்டேன். நம்பர் பெருசா தெரியுற மீட்டர், அவர் கண்ணுக்கு சௌகரியம். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது, நான் கிளாஸ்ல இருக்கும்போதுதான் கரெக்டா போன் வரும். ''பாப்பா, பக்கத்து ஊர் வண்டி ஒண்ணு... பேட்டரி 12.6 காட்டுது. நல்லாத்தானே இருக்கு?''

நான் பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு, கிசுகிசுன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்.

''சுத்தும்போது எவ்வளவு காட்டுது மாமா?''